என் பெயரில் ஒரு நோயாளி

என் தங்கை சர்மிளாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு வராது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நன்றாக ஓடுவாள், அது ஒன்றுதான். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் நூறு மீட்டர் ஓடி ஜெயித்த பிளாஸ்டிக் வாளி ஒன்று வீட்டில் கிடக்கிறது. மற்றபடி வாய் நீளம், கை அதைவிட நீளம். கோபம் வந்தால் கையில் கிடைத்ததை எறிவாள். என் இடது புருவத்தில் இருக்கும் தழும்பு அவள் எறிந்த தேங்காய்ச் சிரட்டையால் வந்தது. அவள் முழங்கையில் இருக்கும் தழும்பு எதனால் வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

நான் கிருஷாந்தி. அவளுக்கு இரண்டு வயது மூத்தவள். ஹட்டனிலிருந்து பஸ்ஸில் நாற்பது நிமிடம் போனால் எங்கள் தேயிலைத் தோட்டம், மேல் டிவிசன், வரிசை வீடுகளில் எட்டாம் நம்பர் லயம். அதில் எங்களுக்கு இருப்பது ஒரே காம்பரா. அந்த ஓர் அறைக்குள்தான் படுக்கை, பெட்டி, சாமிப் படம், சண்டை எல்லாம். அம்மா அழகம்மா கொழுந்து பறிக்கிறாள். அப்பா கணேசமூர்த்திக்குக் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் வருவார், நாலு நாள் இருப்பார், போய்விடுவார்.

சர்மிளாவுக்குப் பதினொரு வயதில் காய்ச்சல் வந்து முட்டியெல்லாம் வீங்கியது. ஒரு நாள் வலது முட்டி, மறுநாள் இடது முட்டி, அப்புறம் மணிக்கட்டு. "வளர்ற புள்ளைக்கு அப்புடித்தான் வலிக்கும்" என்று அம்மா தைலம் தேய்த்தாள். தோட்டத்து டிஸ்பென்சரியில் காய்ச்சல் குளிசை கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் எழுந்து மறுபடி ஓடினாள். அந்தக் காய்ச்சல் இருதயத்தைக் கடித்துவிட்டுப் போகும் காய்ச்சல் என்று எங்கள் லயத்தில் யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடத்தான் நடிக்கிறாள் என்று நான் அம்மாவிடம் கோள் சொன்னேன்.

எங்கள் சண்டைக்கு உண்மையான ஆரம்பம் என் உயர்தரப் பரீட்சைக்கு முந்தின நாள். அடையாள அட்டை இல்லாமல் பரீட்சை மண்டபத்துக்குள் விடமாட்டார்கள். அதை எடுத்து வைக்கலாம் என்று பெட்டியைத் திறந்தேன். அட்டையை வைத்திருந்த நீல உறையையே காணோம். பெட்டியைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்தேன். அம்மா அடுப்புப் பக்கம் நின்றுகொண்டு திரும்பிப் பார்க்காமல் பேசினாள்.

"தேடாத. சர்மிளா கொண்டு போயிருக்கா."

"எங்க கொண்டு போனா?"

"வேலைக்கு. கட்டுநாயக்கா பக்கம் கார்மெண்ட்ஸுல ஆள் எடுக்குறாங்களாம். பதினெட்டு இருந்தாத்தான் எடுப்பாங்க. அவளுக்குப் பதினாறுதானே ஆகுது."

"அதுக்கு என் அட்டையக் குடுத்தீங்களா? நாளைக்கு எனக்கு பரீட்சை."

"ஒங்க ரெண்டு பேருக்கும் ஒரே மொகம். அந்த போட்டோவுல யாருக்குத் தெரியப் போவுது. நீ வீட்டுலதானே இருக்க, ஒனக்கு எதுக்குன்னு நெனச்சேன்."

எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் புதிது இல்லை. அக்காவின் அட்டையில் தங்கை வேலைக்குப் போவாள். செத்துப்போன அண்ணனின் பிறப்புப் பத்திரத்தில் தம்பி பள்ளிக்கூடத்தில் சேருவான். ஒரே சட்டையை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வது போலத்தான். யாரும் அதைத் திருட்டு என்று சொல்வதில்லை. நான் சொன்னேன். அன்றைக்கு அம்மாவைப் பார்த்து, "ஒங்களுக்கு மூளை இருக்கா?" என்று கேட்டேன். என் வாழ்க்கையில் முதல்தடவை அம்மா என்னைக் கன்னத்தில் அறைந்தாள்.

மறுநாள் பள்ளிக்கூட அதிபர் கடிதம் எழுதிக் கொடுத்து, போட்டோ ஒட்டி, முத்திரை குத்தி என்னை உள்ளே விடும்போது முதல் தாள் தொடங்கி அரை மணி நேரம் ஆகியிருந்தது. அந்தத் தாள் என்னைக் கவிழ்த்தது. பல்கலைக்கழகம் கனவாகவே போனது. ஆசிரியைப் பயிற்சிக்கான கல்வியியற் கல்லூரிக்கு மட்டும் தலை தப்பியது, அதுவும் காத்திருப்போர் வரிசையில். பரீட்சை முடிந்ததும் பொலிஸுக்குப் போய், அட்டை பஸ்ஸில் தொலைந்துவிட்டது என்று தெரிந்த சிங்களத்தில் சொல்லி, முறைப்பாட்டுத் துண்டு வாங்கி, புது அட்டை எடுத்தேன். இப்போது ஒரே எண்ணில் இரண்டு அட்டை, ஊரில் இரண்டு கிருஷாந்தி. பொய் சொன்னவர்களில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அதில் வெட்கம் இல்லை என்று அப்போது நினைத்தேன்.

அந்தத் தீபாவளிக்குச் சர்மிளா நகத்துக்குச் சிவப்புப் பூசிக்கொண்டு வந்தாள். அம்மாவுக்குச் சேலை, அப்பாவுக்குச் சாரம், எனக்கு ஒரு கைப்பை. கைப்பையை நான் தொடவில்லை. சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவளுக்கு ஒரு அழைப்பு வந்தது. "ஆ, கிருஷாந்திதான் பேசுறேன், சொல்லுங்க" என்றாள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. கொஞ்சம் சிரித்த மாதிரியும் இருந்தது. நான் சோற்றுத் தட்டை அவள் மடியில் கவிழ்த்தேன். அவள் என் முடியைப் பிடித்தாள். நான் கையைக் கடித்தேன். அப்பா நடுவில் விழுந்து பிரித்துவிட்டார்.

"அக்காகிட்ட மன்னிப்புக் கேளு" என்றார் அப்பா.

"எந்த அக்கா? நான்தானே இப்ப அக்கா" என்றாள் அவள்.

அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஒரே காம்பராவில் பேசாமல் இருப்பது எப்படி என்று கேட்டால், அம்மா இருக்கிறாளே. "அவள வெளக்க அணைக்கச் சொல்லுங்க." "அவள எழும்பி வெளிய போவச் சொல்லுங்க, நான் உடுப்பு மாத்தணும்." ஒரு முழம் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு இப்படித்தான்.

வேலைக்குப் போன பத்தாவது மாதம் அவள் தையல் மெஷின் மேலேயே மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்திருந்தார்கள். இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருக்கிறது, சின்ன வயதில் வந்த காய்ச்சலின் வேலை என்றார்கள். குளிசையோடு திரும்பவும் வேலைக்குப் போனாள். பிறகு படி ஏறினால் மூச்சு வாங்கியது, அப்புறம் நடந்தாலே வாங்கியது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரேயடியாக வீட்டுக்கு வந்துவிட்டாள். மாதா மாதம் எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு, நோயும் மருந்தும் எழுதும் ஒரு கொப்பியோடு போய் வந்தாள். "ஹார்ட்ல ஏதோ வீக்காம்" என்று அம்மா சொன்னாள். "அவளுக்கு ஹார்ட் இருக்கா?" என்று நான் கேட்டேன். அவள் காதில் விழட்டும் என்றுதான் கேட்டேன்.

இப்போது சொல்லப் போவதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். போன வருடம் சித்திரை வருடப் பிறப்புக்கு வீடு சுத்தம் செய்யும்போது அவளுடைய கிளினிக் கொப்பி என் கைக்கு வந்தது. மேலட்டையில் என் பெயர். அது நான் எதிர்பார்த்த விஷயம்தான். உள்ளே முதல் பக்கத்தில் சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: பென்சிலின் ஒவ்வாமை.

அது எனக்கு உள்ள ஒவ்வாமை. பதினாலு வயதில் காலில் ஆணி குத்தி ஊசி போட்டபோது, என் உதடெல்லாம் வீங்கி மூச்சு அடைத்துப்போனது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அட்டை எழுதிக் கொடுத்து, எங்கே போனாலும் இதைக் கூடவே வைத்திருக்க வேண்டும் என்றார்கள். நான் அதை அடையாள அட்டையோடு சேர்த்து அந்த நீல உறைக்குள் போட்டு வைத்திருந்தேன். உறையோடு அதுவும் கட்டுநாயக்கா போயிருக்கிறது. மயங்கிக் கிடந்தவளின் பையைத் திறந்தவர்கள் இரண்டையும் பார்த்திருக்கிறார்கள், பார்த்ததை எழுதியிருக்கிறார்கள்.

கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இது இவளுக்கு இல்லை, எனக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அம்மாவிடமாவது சொல்லியிருக்கலாம். என் பெயர் வேண்டும் என்றுதானே எடுத்துக்கொண்டு போனாய், அதோடு வருவதையும் சேர்த்து நீயே சும என்று நினைத்தேன். எடுத்த இடத்தில் எடுத்த மாதிரியே வைத்தேன். அந்தச் சிவப்பு எழுத்து அவள் உடம்புக்குள் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள யாரையும் கேட்கவும் இல்லை.

அடுத்த மாசியில் எனக்குக் கல்வியியற் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. தெரிவானவர்களில் ஒருத்தி விலகிவிட்டாள், இடம் எனக்கு. வெள்ளிக்கிழமைக்குள் எல்லாப் பத்திரங்களும் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். பத்திரங்களில் ஒன்று, உடல் நலமாக இருக்கிறேன் என்று அரசாங்க வைத்தியர் போடும் கையெழுத்து. புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். றோசலின் என்ற நர்ஸ் மிஸ் என் அட்டை எண்ணைக் கொம்பியூட்டரில் தட்டினார். தட்டிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க ஹார்ட் கிளினிக்குல இருக்கிறவங்கல்ல? ஒங்களுக்கு இருபதாந்தேதி கண்டியில வால்வு ஆப்பரேஷன். இங்க என்னா செய்றீங்க?"

அவரே என்னை டொக்டரிடம் கூட்டிப் போனார். டொக்டர் ஒரு சிங்கள அம்மா. குழாயை என் நெஞ்சில் வைத்து நெடுநேரம் கேட்டார். முதுகில் வைத்துக் கேட்டார். இந்த நெஞ்சில் ஒரு கோளாறும் கேட்கவில்லையே என்று நர்ஸிடம் சிங்களத்தில் சொன்னார். பிறகு என் விண்ணப்பத்தைத் திருப்பித் தந்துவிட்டு, கிளினிக் கொப்பியோடு நாளைக்கு வரச் சொன்னார். ஆப்பரேஷனுக்குக் காத்திருக்கும் ஆளுக்கு நல்ல உடம்பு என்று தன்னால் கையெழுத்துப் போட முடியாது என்றும் சொன்னார்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஒரே நினைப்புதான். பரீட்சையைத் தின்றாள், பெயரைத் தின்றாள், இப்போது கல்லூரியையும் தின்னப் போகிறாள். வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் மூன்று தலையணையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்திருந்தாள். மட்டமாகப் படுத்தால் மூச்சு முட்டும் நிலைக்கு அப்போது வந்துவிட்டிருந்தாள். அம்மா கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள், தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்கவில்லை. அம்மா வழியாகப் பேச எனக்குப் பொறுமை இல்லை. இத்தனை நாளுக்குப் பிறகு நேராக அவளைப் பார்த்துப் பேசினேன்.

"ஒன் ஆப்பரேஷனுக்கு ஒன் பேர்ல போ. நான் நாளைக்குப் போயி எல்லாத்தையும் சொல்லப் போறேன்."

"இருபதாந்தேதி வரைக்கும் பொறு" என்றாள்.

"எனக்கு வெள்ளிக்கெழமதான் கடைசி."

"அடுத்த வருசமும் காலேஜ் இருக்கும். எங்கயும் ஓடிறாது."

"எனக்கு ஒரு தடவதான் கூப்புடுவாங்க. ஒன்ன மாதிரி அடுத்தவ பேர்ல போவ எனக்குத் தெரியாது."

அம்மா குறுக்கே வந்தாள். "ரெண்டு பேரும் வாய மூடுங்க. இப்ப போயி சொன்னா பொலிஸுல புடிச்சுக் குடுப்பாங்க. ஆப்பரேஷன நிப்பாட்டிருவாங்க. எம் புள்ள செத்துருவா."

"அப்ப நான் ஒங்க புள்ள இல்லையா?"

"நீ சாகப் போறியா?" என்று கேட்டாள் அம்மா. கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

 அது எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கொடுத்தது. அலமாரியிலிருந்து அந்தக் கொப்பியை எடுத்து அவள் காலடியில் வீசினேன். "இதுல எல்லாம் என் பேரு. என் பேர்ல சாவாத, ஒன் பேர்ல சாவு" என்று சொன்னேன். சொன்னேன்தான். அதை இங்கே மாற்றிச் சொல்வதில் அர்த்தம் இல்லை.

சர்மிளா சிரித்தாள். இரண்டு வார்த்தைக்கு ஒருதரம் மூச்சு எடுத்துக்கொண்டுதான் அவளால் பேச முடிந்தது.

"ஒன் பேரு. ஒன் பேருதான் என்னைய இந்தக் கதிக்கு ஆக்கி வச்சிருக்கு, தெரியுமா ஒனக்கு? இந்த வியாதிக்கு மாசம் ஒரு பென்சிலின் ஊசி. அவ்வளவுதான். ஒழுங்கா போட்டா வால்வு மேல மேல கெடாது. இவங்களுக்கு ஊசி ஒத்துக்காதுன்னு எனக்கு மட்டும் குளிச தந்தாங்க. காலையில ஒன்னு, ராவைக்கு ஒன்னு. தின்னா வயிறு எரியும். மெஷின்ல ஒக்காந்துகிட்டு எந்நேரமும் வாந்தி எடுக்க முடியுமா? விட்டுட்டேன். மறுபடி காய்ச்சல் வந்து வந்து வால்வு முழுசாப் போச்சு."

"ஒத்துக்காதது ஒனக்கு இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா நான் யாருன்னு சொல்லணும். வேலை போயிரும். வீட்டுக்கு வந்த பொறகு, பொலிஸ் பயம். கண்டிக்கு எழுதுன பொறகு, ஆப்பரேஷன் பயம்." மூச்சு எடுத்தாள். "அம்மாவுக்கு அதுல எழுதியிருக்கிறத வாசிக்கத் தெரியாது. நான் ஒருத்திதான் வாசிச்சேன். ஒவ்வொரு மாசமும் அந்தச் செவப்பு எழுத்தப் பாத்துகிட்டே லைன்ல நின்னேன். வேற யாராவது ஒருத்தரு வாசிச்சிருந்தா, எனக்குப் பதிலா வாயத் தொறந்து சொல்லியிருப்பாங்க."

 வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்தும் நான் அதைத் திருப்பி வைத்தேன் என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது. பயமாக இருந்தது. பயத்தைவிட அவள் மேல் கோபம் அதிகமாக இருந்தது. கட்டுநாயக்காவுக்கு யார் போகச் சொன்னது?

வியாழக்கிழமை காலையில் அம்மா பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போன பிறகு கொப்பியை எடுத்துப் பையில் போட்டேன். சர்மிளாவின் பிறப்புப் பத்திரத்தையும் எடுத்தேன். என் தங்கையைக் காப்பாற்றத்தான் போனேன் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். என் இடத்துக்காகப் போனேன். ஆப்பரேஷன் நின்றுவிடுமோ என்ற பயம் எனக்கும் இருந்தது. அந்தப் பயத்தோடுதான் பஸ் ஏறினேன்.

பஸ் புறப்படும்போது அவளும் ஏறினாள். லயத்திலிருந்து பாதைக்கு வர அவளுக்கு எவ்வளவு நேரம் எடுத்திருக்கும் என்று தெரியாது, உதடு நீலமாக இருந்தது. முன் சீட்டில் உட்கார்ந்தாள். நான் பின் சீட்டில் இருந்தேன். இறங்கியதும் ஆஸ்பத்திரி மேட்டில் நான் விறுவிறு என்று ஏறினேன். திரும்பிப் பார்த்தேன், பாதி மேட்டில் மதகுக் கட்டையில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நூறு மீட்டர் ஓடினவள். "கிருஷாந்தி, நில்லு" என்றாள். நான் நிற்கவில்லை.

டொக்டரின் அறைக்குள் போய், கொப்பியை மேசையில் வைத்து, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். பெயர் என்னுடையது, நோய் என் தங்கையுடையது, ஊசி ஒத்துக்கொள்ளாதது எனக்கு, அவளுக்கு இல்லை. சொல்லி முடிப்பதற்குள் சர்மிளா கதவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். றோசலின் மிஸ் ஓடிப்போய் நாற்காலி போட்டார்.

"மிஸ், ஆப்பரேஷன நிப்பாட்டச் சொல்லிறாதீங்க" என்றாள் சர்மிளா. "என்ன தண்டனைன்னாலும் ஆப்பரேஷன் முடிஞ்ச பொறகு குடுங்க."

டொக்டர் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறப்புப் பத்திரத்தைக் கேட்டார். ஏதோ ஒரு தாளில் எழுதி எங்கள் இருவரிடமும் கையெழுத்து வாங்கினார். கண்டிக்குப் போன் பண்ணிப் பேசினார். றோசலின் மிஸ் புதுக் கொப்பி ஒன்றில் சர்மிளா கணேசமூர்த்தி என்று எழுதினார். இருபதாம் தேதி இருபதாம் தேதிதான், பெயர் திருத்திக் கடிதம் அனுப்பினால் போதும் என்றார்களாம். எல்லாமாகப் பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

"பொலிஸ்?" என்று கேட்டாள் சர்மிளா.

"எந்த பொலிஸ்?" என்றார் றோசலின் மிஸ். "நோயாளிக்குப் பேர் பிழைன்னா திருத்திக் குடுப்போம். இதுக்காப் புள்ள இத்தன நாளு ஊசி போடாம இருந்த?"

எங்கள் வீட்டில் மூன்று பேரும் பயந்து பயந்து செத்த காரியம் ஒரு பேனாவில் முடிந்துவிட்டது. எனக்கு அங்கேயே சுவரில் தலையை முட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

பிறகு சர்மிளாவின் கையில் துளியூண்டு பென்சிலினை ஏற்றி, அதைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு, அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார்கள். தடித்தால், சிவந்தால் உடனே சொல்ல வேண்டும். வாங்குப் பலகையில் உட்கார்ந்தோம். நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் இருந்தது. அவள் கையை மடியில் நீட்டி வைத்திருந்தாள். நானும் அந்த வட்டத்தையே பார்த்தேன். சிவக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. சிவந்துவிட்டால், அந்த ஊசி அவளுக்கும் ஆகாது, எல்லாம் விதி என்று விட்டுவிடலாம். என் தலையிலிருந்து இறங்கிவிடும். அரை மணி நேரம் போனது. தோல் அப்படியே இருந்தது. ஊசியைப் போட்டார்கள், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"கொப்பியில இருந்தது பிழைன்னு வீட்டுல யார் யாருக்குத் தெரியும்?" என்று றோசலின் மிஸ் பஞ்சை அழுத்திக்கொண்டே கேட்டார்.

"எனக்கு மட்டுந்தான் மிஸ். அம்மா வாசிக்க மாட்டாங்க" என்றாள் சர்மிளா.

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அது அங்கேயே முடிந்திருக்கும். ஏன் திறந்தேன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. சிவக்காத அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்த அரை மணி நேரம்தான் காரணமாக இருக்க வேண்டும்.

"எனக்கும் தெரியும்" என்றேன். "போன சித்திரையில பாத்தேன். பாத்துட்டு வச்சுட்டேன்."

றோசலின் மிஸ் பஞ்சை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். சர்மிளா என்னைத் திட்டவில்லை, கையில் கிடைத்ததை எறியவில்லை. விரலை மடக்கி எண்ணினாள். சித்திரை, வைகாசி, ஆனி. மாசி வரைக்கும் வந்து நிறுத்தினாள்.

"பதினோரு ஊசி" என்றாள்.

 டொக்டர் என் முகத்தைப் பார்க்காமலே என் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுத் தந்தார். நல்ல தேகாரோக்கியம் என்று எழுதியிருந்தது. வெள்ளிக்கிழமை அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், இடம் கிடைத்தது.

இருபதாம் தேதி கண்டிக்கு நான் வரக்கூடாது என்று சர்மிளா அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அம்மா போனாள், அப்பா கொழும்பிலிருந்து நேராக வந்தார். நான் வீட்டில் இருந்தேன். காலையிலிருந்து மூன்று முறை காம்பராவைக் கூட்டினேன். பின்னேரம் அப்பா போன் பண்ணி, "முடிஞ்சிருச்சும்மா, கண்ணு தொறந்துட்டா" என்றார். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். பிழைத்துவிட்டாள் என்று அழுதேன். பிழைத்து எழுந்து என் முகத்தைப் பார்ப்பாளே என்றும் அழுதேன்.

இதெல்லாம் நடந்து பத்து மாதம் ஆகிறது. அவளுக்குப் பத்தொன்பது முடிந்துவிட்டது. நெஞ்சின் நடுவில் கழுத்துக்குழிக்குக் கீழிருந்து ஒரு சாண் நீளத்துக்குத் தையல். இரத்தம் உறையாமல் இருக்கச் சாகும் வரைக்கும் தினமும் குளிசை. கொழுந்துக் கூடை தூக்கக்கூடாது. கல்யாணம் கட்டினாலும் பிள்ளை பெறுவது உயிருக்கு ஆபத்து என்று சொல்லிவிட்டார்கள். சொந்தப் பெயரில் அடையாள அட்டை எடுத்திருக்கிறாள். பழைய தையல் மெஷின் ஒன்று வாங்கிப்போட்டு லயத்துப் பெண்களுக்குச் சட்டை தைக்கிறாள். நன்றாகத் தைக்கிறாள் என்கிறார்கள். ஊர் முழுக்க அவளிடம் பேசுகிறது, அவளும் எல்லாரிடமும் பேசுகிறாள்.

கல்லூரி விடுமுறைக்குப் போன வாரம் வீட்டுக்கு வந்தேன். இரண்டு நாள் அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "அவளுக்குச் சோறு போட்டு வச்சிருக்குன்னு சொல்லுங்க" என்று அம்மாவிடம் சொன்னாள். மூன்றாம் நாள் பின்னேரம் அம்மா மலையிலிருந்து இன்னும் வரவில்லை. பனி இறங்கிக் கதவுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. நான் பாடக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன், அவள் தைத்துக்கொண்டிருந்தாள். நூல் அறுந்தது. மெஷின் நின்றது.

அப்போதுதான் கேட்டது. டிக், டிக், டிக் என்று. எங்கள் வீட்டில் சுவர்க் கடிகாரம் கிடையாது. நான் பேனாவை வைத்துவிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தேன். பிறகு அவளைப் பார்த்தேன். சட்டைக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. உலோகத்தில் செய்த வால்வு திறந்து மூடும்போது அப்படிச் சத்தம் வரும் என்று கல்லூரியில் யாரோ சொல்லியிருந்தார்கள். நான் அதை நம்பியிருக்கவில்லை.

ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், பத்து மாதத்தில் முதல்தடவையாக என்னிடம் நேராகப் பேசினாள்.

"கேக்குதா?"

"கேக்குது" என்றேன்.

"நல்லாக் கேளு" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் மெஷினை ஓட்டவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, அம்மா வரும் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.